பிளாக்பர்னுக்குக் குடிவந்தால் எந்த அணி? லங்காஷயர் ஊர்களும் கால்பந்து விசுவாசமும்

இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் வட்டாரத்தில் இருக்கும் பிளாக்பர்னில் நர்ஸ் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். பத்து வயதுப் பையன் தீவிர லிவர்பூல் ரசிகன். ஏற்கெனவே இங்கே இருக்கும் தோழியோ, "இந்தப் பக்கம் எல்லோரும் உள்ளூர் அணிதான், அதுவும் பாதி நாள் தோற்கிற அணி" என்று சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார். மான்செஸ்டரும் லிவர்பூலும் பக்கத்திலேயே இருக்கும்போது இவர்கள் ஏன் இப்படி, உள்ளூர் அணியான பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கிய நம்ம வெங்கீஸ் கம்பெனி மேல் ஏன் இவ்வளவு கோபம், பையனுக்குப் பள்ளியில் சங்கடம் வருமா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். பல வருடமாக இந்தப் பக்கம் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இங்கே யாரும் அணியைத் தேர்ந்தெடுப்பதில்லை. திருப்பதிக்கு வருடம் நாலு தடவை போகிறவர்கூட குலதெய்வத்தை மாற்றிக்கொள்வதில்லை அல்லவா, அப்படித்தான். எந்த அணி நன்றாக ஆடுகிறது என்பது அந்த உறவுக்குள் வருகிற கேள்வியே இல்லை. தாத்தா எந்த மில்லில் வேலை பார்த்தார், அந்த மில்லிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எந்த மைதானம் இருந்தது, அவ்வளவுதான்.

நடந்து போகிற தூரம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் எம்65 நெடுஞ்சாலையைப் பாருங்கள். மேற்கே பிரெஸ்டன், அடுத்து பிளாக்பர்ன், அக்ரிங்டன், பர்ன்லி என்று ஊர்கள் கோர்த்தாற்போல் வரும். தெற்கே இறங்கினால் போல்டன், பெரி, அப்புறம் மான்செஸ்டர். பிளாக்பர்னுக்கும் பர்ன்லிக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. 1888இல் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் இருந்த 12 அணிகளில் ஆறு லங்காஷயர் அணிகள்: அக்ரிங்டன், பிளாக்பர்ன், போல்டன், பர்ன்லி, எவர்ட்டன், பிரெஸ்டன். லண்டனிலிருந்து ஒரு அணிகூடக் கிடையாது. மான்செஸ்டர் யுனைடெட்டும் இல்லை, லிவர்பூலும் இல்லை. லிவர்பூல் கிளப் பிறந்ததே 1892இல்தான்.

காரணம் பஞ்சாலை. 1850இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், பெண்களையும் இளவயதினரையும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் மில்லில் வைத்திருக்கக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் தறி ஓடாது, ஆகவே எல்லோருக்கும் அரைநாள் விடுமுறை. 2 மணிக்குச் சங்கு, வீட்டில் ஒரு வாய் சாப்பாடு, 3 மணிக்கு ஆட்டம். இன்றைக்கும் இங்கிலாந்தில் சனிக்கிழமை 3 மணி என்றால் கால்பந்து என்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. விவசாயக் கூலிக்கும் கடைச் சிப்பந்திக்கும் அந்த அரைநாள் வர இன்னும் வெகு காலம் பிடித்தது. மில்காரனுக்கு முதலில் கிடைத்தது, அதனால் ஆட்டமும் முதலில் அவன் கைக்கு வந்தது.

அதுவரை கால்பந்து தனியார் உறைவிடப் பள்ளிகளில் படித்த கனவான்களின் விளையாட்டு. 1883இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி எஃப்ஏ கோப்பை (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் கோப்பை) இறுதியாட்டத்தில் ஈட்டன் பள்ளி முன்னாள் மாணவர்களின் அணியை 2-1 என்று தோற்கடித்தது. பிளாக்பர்ன் பக்கம் ஆடியவர்களில் நெசவாளியும் நூற்பாலைத் தொழிலாளியும் குழாய்ப் பணியாளரும் இருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் சில நாள் கடற்கரை ஊரான பிளாக்பூலுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார்கள் என்பதே லண்டன்காரர்களுக்கு அதிர்ச்சி. பயிற்சியா, அது கனவான் செய்கிற வேலையா என்ற ரீதியில். அதற்குப் பிறகு கோப்பை கனவான்கள் கைக்குத் திரும்பவே இல்லை. அடுத்த மூன்று வருடமும் (1884, 85, 86) பிளாக்பர்ன் ரோவர்ஸ் வாங்கியது. ஒலிம்பிக் அணி 1889இல் மூடப்பட்டது. ஒரு ஊருக்கு ஒரு அணிதான் தாங்கும்.

பகையும் அப்போதே வந்துவிட்டது. பக்கத்து ஊரான டார்வெனுக்கு ஸ்காட்லாந்திலிருந்து ஃபெர்கஸ் சூட்டர் என்ற கல்தச்சர் ஆட வந்தார். பணம் கொடுத்து ஆட வைப்பது அப்போது விதிக்குப் புறம்பு. கல்தச்சு வேலையை விட்டுவிட்டு எதில் சாப்பிட்டார் என்று யாரும் கேட்கவில்லை. 1880இல் அவர் டார்வெனை விட்டு பிளாக்பர்ன் ரோவர்ஸுக்குப் போய்விட்டார். ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிப் போனதற்கு டார்வென்காரர்கள் கொதித்த கொதிப்பு அந்தக் காலப் பத்திரிகைகளில் இருக்கிறது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் தரலாம் என்று கால்பந்துச் சங்கம் ஒப்புக்கொண்டது 1885இல்தான்.

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு என்ன என்று கேட்பீர்கள். 80,000 பேர் சொச்சம் இருந்த பர்ன்லி 1960இல் இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது. நம்மூர்க் கணக்கில் அது ஒரு தாலுகா தலைநகர். அது எப்படி நடந்தது என்றால், அப்போது ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. வாரம் 20 பவுண்டு. லண்டனில் ஆடினாலும் அதுதான், பர்ன்லியில் ஆடினாலும் அதுதான். நல்ல ஆட்டக்காரன் ஊரை விட்டுப் போகக் காரணமே இல்லை. பிரெஸ்டனின் டாம் ஃபின்னி இங்கிலாந்துக்காக ஆடிய மேதை; ஆட்ட வாழ்க்கை முழுவதும் சொந்த ஊர் அணியிலேயே இருந்தார், பக்கத்தில் குழாய் வேலையும் பார்த்தார். 1961இல் வரம்பு நீங்கியது. தொழிலாளி என்ற முறையில் ஆட்டக்காரருக்கு அது நியாயம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் சிறு ஊர்களின் கதை அன்றைக்கே திரும்பிவிட்டது. 1983இல் இன்னொரு அடி: அதுவரை லீக் ஆட்டத்தின் வசூலில் விருந்தாளி அணிக்கும் பங்கு இருந்தது, அந்த வருடத்திலிருந்து முழுதும் உள்ளூர் அணிக்கே. பெரிய மைதானம் உள்ளவன் பெரியவன் ஆனான். 1992இல் பிரீமியர் லீக் தொலைக்காட்சிப் பணத்தோடு வந்தபோது, அது ஏற்கெனவே சாய்ந்திருந்த தராசில் விழுந்த கல்.

தொலைக்காட்சி என்றதும் ஒரு வேடிக்கை. அறுபதுகளில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்தவர் பாப் லார்ட், தொழிலில் கசாப்புக்கடைக்காரர். சனிக்கிழமை மத்தியானம் பெரிய ஆட்டத்தை டிவியில் போட்டால் சின்ன ஊர் மைதானங்கள் காலியாகும் என்று மற்றவர்களிடம் வாதாடி வென்றார். அந்தத் தடை இன்றுவரை இருக்கிறது: சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் கால்பந்து நேரலை கிடையாது. ஆகவே 3 மணிக்கு லிவர்பூல் ஆடினால் சென்னையில் உட்கார்ந்து உங்கள் பையன் இரவு எட்டரைக்கு (கோடையில் ஏழரைக்கு) நேரலையில் பார்க்கலாம். இங்கே வந்த பிறகு அதே ஆட்டத்தை அவனால் டிவியில் பார்க்க முடியாது! இதை அவனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பெரிய சண்டை வரும்.

சரி, ஊர்களுக்கு வருகிறேன். பிளாக்பர்ன் தறிகளில் நெய்ததில் பெரும்பங்கு நம் நாட்டுக்கான வேட்டித் துணி. அந்த வேட்டி நம் நெசவாளியை என்ன செய்தது என்பது நமக்குத் தெரிந்த கதை. அதன் மறுபக்கம் இங்கே. சுதேசி இயக்கத்தின் துணிப் புறக்கணிப்பும் சேர்ந்து அடித்து வேலை போன ஊர்களைப் பார்க்க 1931 செப்டம்பரில் காந்தி டார்வெனுக்கு வந்தார். மில் பெண்கள் அவரைச் சுற்றி நின்று கைதூக்கி ஆரவாரம் செய்யும் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள், அது அங்கே எடுத்ததுதான். அதற்குப் பிறகு பஞ்சாலைகள் எழுந்திருக்கவில்லை. அறுபது எழுபதுகளில் லங்காஷயரில் வாரத்துக்கு ஒரு மில் என்ற கணக்கில் மூடினார்கள் என்று சொல்வார்கள். பர்ன்லியில் குவீன் ஸ்ட்ரீட் மில் மட்டும் அருங்காட்சியகமாக நிற்கிறது. நீராவியில் ஓடும் தறிகள், ஓட்டிக் காட்டும்போது காது அடைத்துவிடும். பையனைக் கூட்டிப்போங்கள்.

மில் என்றால் வேலை மட்டுமில்லை. ஒவ்வொரு ஊருக்கும் கோடையில் ஒரு வாரம் எல்லா மில்லும் ஒன்றாக மூடும். ஊரே ரயிலேறி பிளாக்பூல் போகும். மில்லோடு அந்த வாரம் போனது. மெதடிஸ்ட் தேவாலயம் கம்பளக் கடையாயிற்று அல்லது மசூதியாயிற்று. கூட்டுறவுக் கடை போனது. தெருமுனை பப் மூடிப் பலகை அடித்துக் கிடக்கிறது. கடைத்தெருவுக்குப் போனால் பந்தயக் கடை, இ-சிகரெட் கடை, தர்மக் கடை. ஊர் பெயரைத் தாங்கி இன்னும் நடப்பது, பதினைந்து நாளைக்கு ஒருமுறை பதினைந்தாயிரம் பேரை ஒரே இடத்தில் சேர்ப்பது, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கப் பத்திரிகையில் ஊர் பெயரை அச்சில் கொண்டுவருவது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஆகவே இவர்கள் கால்பந்தை இவ்வளவு நேசிக்கிறார்களே என்று வியப்பதில் பாதிதான் உண்மை. மற்றவையெல்லாம் போன பிறகு அவற்றின் பாரத்தையும் இந்த ஒன்றின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. கோபம் வந்தால் அளவுக்கு மீறி வருவதும் அதனால்தான்.

இப்போது வெங்கீஸ் கேள்வி. அதற்கு முன் ஜாக் வாக்கரைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிளாக்பர்னில் பிறந்து, அப்பாவின் சிறு தகரப் பட்டறையைப் பெரிய இரும்பு வணிகமாக வளர்த்து, 1990இல் பிரிட்டிஷ் ஸ்டீலுக்கு விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர். அந்தப் பணத்தைக் கொண்டுவந்து சிறுவயதிலிருந்து பார்த்த அணியில் கொட்டினார். கென்னி டால்கிளிஷ் மேலாளராக வந்தார், 1992இல் ஆலன் ஷியரர் 33 லட்சம் பவுண்டுக்கு வந்தார். 1995 மே 14, சீசனின் கடைசி நாள், லிவர்பூலில் ஆட்டம். பிளாக்பர்ன் 2-1 என்று தோற்றது, ஆனால் மான்செஸ்டர் யுனைடெட் லண்டனில் ஜெயிக்க முடியாமல் சமன் செய்ததால் கோப்பை பிளாக்பர்னுக்கு. அந்த ஊரில் நாற்பது வயதைக் கடந்த யாரிடமும் அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் போய்விடும். பணத்தால் வாங்கிய கோப்பை என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது ஊர்ப்பணம், அதுதான் இவர்கள் கணக்கு. 2000இல் வாக்கர் இறந்தார், மைதானத்துக்கு வெளியே சிலை இருக்கிறது.

2010 நவம்பரில் அவர் குடும்ப அறக்கட்டளை கிளப்பை விற்றது. வாங்கியது புனேயின் வெங்கீஸ், நம்மூர்க் கடையில் கோழி நகெட் பாக்கெட்டில் பார்க்கிற அதே பெயர். சுமார் 2.3 கோடி பவுண்டு விலை. பிரீமியர் லீக் அணி ஒன்றை ஒரு இந்தியக் கம்பெனி வாங்கியது அதுவே முதல் முறை. வந்த சில வாரத்தில் அனுபவசாலியான மேலாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். 2012 மே மாதம் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. இறங்கிய அன்று விகன் அணியோடு ஆட்டம். யாரோ ஒரு ரசிகர் கிளப் கொடியைப் போர்த்திய உயிர்க்கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டார். கோழி ஓடியது, பிளாக்பர்ன் தோற்றது. 2017இல் இன்னும் ஒரு படி கீழே, மூன்றாம் பிரிவுக்கு. அடுத்த வருடமே மேலே வந்தார்கள்.

நியாயமாகப் பேசினால் முதலாளிகள் பணம் போடவில்லை என்று சொல்ல முடியாது. வருடா வருடம் நஷ்டத்தை ஈடுகட்டி வந்திருக்கிறார்கள். அதுவும் இல்லாவிட்டால் கிளப் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கதை. ரசிகர்கள் சொல்வது வேறு: அவர்கள் மைதானத்துக்கு வருவதில்லை, பேசுவதில்லை, என்ன திட்டம் என்று யாருக்கும் தெரியாது. என் தெருவில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். இந்த முதலாளிகள் இருக்கும்வரை காசு கொடுத்து உள்ளே போக மாட்டேன் என்று சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விட்டவர். சனிக்கிழமை மூன்று மணிக்கு வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கும் காரில் போய் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பிபிசி ரேடியோ லங்காஷயரில் வர்ணனை கேட்பார். வீட்டுக்குள் வானொலி இல்லாமலில்லை. மனைவிக்கு அவர் கத்துவது பிடிக்காது. கோல் விழுந்தால் ஹாரன் சத்தம் கேட்கும், எங்கள் தெருவுக்கு ஸ்கோர் தெரிவது அப்படித்தான்.

இந்தியர் என்பதால் கோபமா என்று உங்களுக்குள் ஒரு கேள்வி இருக்கும். அப்படிக் கத்தியவர்களும் இருந்தார்கள், மறைக்க வேண்டாம். ஆனால் அதுவே காரணம் என்றால் ஆங்கிலேய முதலாளிகள் தப்பித்திருக்க வேண்டும். பெரி ஊரைப் பாருங்கள்.

மான்செஸ்டருக்கு வடக்கே பதின்மூன்று கிலோமீட்டர். ரத்தம் சேர்த்த பன்றித் தொத்திறைச்சிக்குப் பேர்போன சந்தை இருக்கிற ஊர். 1992இலிருந்து டிராம் ஓடுகிறது. ஏறினால் மான்செஸ்டர் நகர மையத்துக்கு அரை மணி நேரம், மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபர்டுக்கும் டிராமிலேயே போய்விடலாம். அப்படியிருந்தும் கிக் லேன் மைதானத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் பேர் போய்க்கொண்டே இருந்தார்கள். கிளப் 1885இல் பிறந்தது, 1894இலிருந்து லீக்கில். 1903 எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் டெர்பியை 6-0 என்று அடித்தார்கள். 2019இல் மான்செஸ்டர் சிட்டி அதே கணக்கில் ஜெயிக்கும்வரை அதைத் தொட யாராலும் முடியவில்லை. அதே 2019இல்தான் பெரி கிளப்பும் போனது. 2018 டிசம்பரில் கிளப் ஒரு பவுண்டுக்கு ஓர் ஆங்கிலேய முதலாளியிடம் கைமாறியது. அணி களத்தில் நன்றாக ஆடி மேல் பிரிவுக்குத் தேறியது, ஆனால் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வரவில்லை, கடன் தீரவில்லை, புது சீசன் ஆட்டங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. ஆகஸ்ட் 27 கடைசிக் கெடு. கடைசி நேரத்தில் வாங்க ஒருவர் வருவார் என்ற நம்பிக்கையில் அன்று காலை நூற்றுக்கணக்கானவர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து நாற்காலி நாற்காலியாகத் துடைத்தார்கள். முன்னாள் இயக்குநர் ஒருவர் மைதான வாசலில் மழைநீர்க் குழாயோடு தன்னைப் பிணைத்துக்கொண்டார். இரவு அறிவிப்பு வந்தது: லீக்கிலிருந்து நீக்கம். 125 வருட உறவு. துடைத்த நாற்காலியில் உட்கார அந்த சீசனில் யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் முதல் கேள்விக்கு நேரடிப் பதில். ஒரு பகுதி ரசிகர்கள் புது கிளப் தொடங்கி, பக்கத்து ராட்க்ளிஃப் மைதானத்தில் இடம் வாங்கி அடிமட்டத்திலிருந்து ஆடினார்கள். இன்னொரு பகுதியினர் மைதானத்தை மீட்பதில் இறங்கி, 2022இல் அரசு நிதியிலிருந்து கிடைத்த 10 லட்சம் பவுண்டின் உதவியோடு கிக் லேனை வாங்கினார்கள். இரண்டு கூட்டமும் ஒரே ஊர், ஒரே கிளப்பின் நினைவு, ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் தம்பி சொத்துத் தகராறே இதனிடம் தோற்றது. இணைவதா என்று 2022இல் வாக்கெடுப்பு வைத்துப் போதிய ஆதரவு கிடைக்காமல் போய், 2023இல் மறுபடி வைத்து ஜெயித்தது. அந்த சீசனில் கிக் லேனில் மீண்டும் ஆட்டம், ஒன்பதாம் படியில். நம்மூர்க் கணக்கில் டிவிஷன் லீக் மாதிரி ஒன்று, அதற்கு மூவாயிரம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கி வந்தார்கள்! 2025இல் ஒரு படி ஏறியும் விட்டார்கள். இதற்கிடையில் டிராம் ஓல்ட் டிராஃபர்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏறிப் போய் இன்னொரு அணியைப் பார்ப்பது என்பது பெரும்பாலானவர்களுக்குத் தோன்றவே இல்லை. பலர் நாலு வருடம் எந்த அணியையும் பார்க்கவில்லை, சனிக்கிழமை மனைவியோடு கடைக்குப் போய் இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டது என்பார்கள்.

பெரி விழுந்தது அரசாங்கத்தையும் அசைத்தது. 2021இல் ரசிகர்களை முன்வைத்து ஓர் ஆய்வறிக்கை வந்தது. அதன் தொடர்ச்சியாக 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, கிளப்பை யார் வாங்கலாம் என்று சோதிக்கவும், மைதானத்தை விற்பது, சின்னத்தை மாற்றுவது போன்றவற்றுக்குக் கடிவாளம் போடவும் தனி ஒழுங்காணையம் வந்திருக்கிறது. பலன் என்ன என்று பார்க்க வேண்டும். அதிகம் எதிர்பார்க்கிறவர்களை நான் இங்கே பார்க்கவில்லை.

அக்ரிங்டனைப் பற்றி ஒரு பத்தி. 1962இல் கடன் தாங்காமல் அக்ரிங்டன் ஸ்டான்லி லீக்கிலிருந்து விலகியது, காலியான இடம் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டுக்குப் போனது. 2006இல் ஸ்டான்லி திரும்பி மேலே வந்தபோது கீழே இறங்கிய அணிகளில் ஒன்று அதே ஆக்ஸ்ஃபோர்டு. இந்த ஊர்ப் பெரியவர்கள் இதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். இன்றைய நிர்வாகம் அந்த வட்டாரத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அணிச் சட்டை இலவசமாகக் கொடுக்கிறது. இல்லாவிட்டால் பள்ளி மைதானம் முழுக்க மான்செஸ்டர், லிவர்பூல் சட்டைகள்தான். ஆமாம், அதுவும் உண்மை. மேலே நான் சொன்ன குலதெய்வக் கதை அடுத்த தலைமுறைக்கு அப்படியே போகிறதா என்றால், போகவில்லை.

வந்தேறிகளின் பேரப்பிள்ளைகளிடம் அது இன்னும் தெளிவாகத் தெரியும். ஐம்பது அறுபதுகளில் மில்லை மூடாமல் தாக்குப்பிடிக்க இராப்பகலாக இயந்திரத்தை ஓட்ட வேண்டியிருந்தது. உள்ளூர்க்காரர் விரும்பாத இரவு ஷிப்டுக்கு பாகிஸ்தான் பஞ்சாபிலிருந்தும் குஜராத்தின் பரூச், சூரத் பக்கமிருந்தும் ஆள் வந்தார்கள். மில் போன பிறகும் அவர்கள் இருக்கிறார்கள். 2021 கணக்கெடுப்பில் பிளாக்பர்ன்-டார்வென் பகுதியில் நூற்றுக்கு 35 பேர் முஸ்லிம்கள், லண்டனுக்கு வெளியே அதைவிட அதிக விகிதம் எங்கும் இல்லை. ஆனால் வெகு காலம் மைதானத்தில் அந்த முகங்களைத் தேடத்தான் வேண்டும். எழுபது எண்பதுகளில் மைதான வாசலில் இனவெறிக் கட்சிகள் துண்டறிக்கை விநியோகித்த காலம், சனிக்கிழமை மத்தியானம் அந்தத் தெருப் பக்கமே போகாதே என்று பிள்ளைகளை வீட்டில் பூட்டி வைத்த காலம். 2001 கோடையில் ஓல்டம், பர்ன்லி, பிராட்ஃபோர்டு மூன்றிலும் கலவரம். 2020இல்கூட பர்ன்லி ஆட்டத்தின்போது 'வெள்ளையர் உயிர் முக்கியம்' என்று வம்புக்கிழுக்கும் பதாகையோடு மான்செஸ்டரில் ஒரு விமானம் பறந்தது. பர்ன்லி கேப்டன் பென் மீ ஆட்டம் முடிந்த கையோடு வெட்கப்படுகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

வாசலில் அடி விழும் என்று பயந்து வளர்ந்த அப்பாவின் மகன் டிவியில் பார்த்த லிவர்பூலைப் பிடித்துக்கொண்டதில் என்ன ஆச்சரியம்? விசுவாசம் பரம்பரையாக வருகிறது என்றால், வாசலிலேயே நிறுத்தப்பட்டவனுக்கு என்ன பரம்பரை? உள்ளூர்க்காரர்கள் சிலர் "இவர்கள் ஊர் அணியை ஆதரிப்பதில்லை" என்று குறைப்படும்போது எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

மாறிக்கொண்டும் இருக்கிறது. 2022 மே மாதம் தன் மைதானமான ஈவுட் பார்க்கின் ஆடுகளத்திலேயே நோன்புப் பெருநாள் தொழுகை நடத்த பிளாக்பர்ன் ரோவர்ஸ் இடம் கொடுத்தது, இங்கிலாந்தில் எந்தக் கிளப்பும் அதுவரை செய்யாதது. பாட்டன் இரவு ஷிப்டு முடிந்து அந்த மதிலைத் தாண்டி நடந்து போயிருப்பான், பேரன் புல்லின் மேல் விரிப்பை விரித்துத் தொழுதான். டிக்கெட் விற்பனை உடனே கூடிவிடவில்லை. ஆனால் இப்போது அப்பாவும் இரண்டு பிள்ளைகளுமாக வருகிற குடும்பங்களை ஆங்காங்கே பார்க்கிறேன்.

கடைசியாகப் பையன் விஷயம். லிவர்பூல் சட்டையோடு பள்ளிக்குப் போனால் ஒன்றும் ஆகாது, பாதி வகுப்பு அப்படித்தான் இருக்கும். "நீ எப்போதாவது ஆன்ஃபீல்டு போயிருக்கிறாயா?" என்று லிவர்பூல் மைதானத்தைச் சொல்லி ஒருவன் சீண்டுவான், அவனும் போயிருக்க மாட்டான். விட்டுவிடச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்றில் கவனம்: பர்ன்லியின் நிறம் கத்தரிப்பூவும் சிவப்பும் கலந்த கருஞ்சிவப்பு, கைகள் வெளிர் நீலம். தெரியாத்தனமாக அந்த நிறத்தில் ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள். பெரியவர்களிடையே அது வேடிக்கை இல்லை. இந்த இரண்டு அணியும் மோதும் நாளில் விருந்தாளி ரசிகர்கள் தங்கள் மைதானத்திலிருந்தே போலீஸ் காவலோடு பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவரப்படுவார்கள், சொந்தக் காரில் வர முடியாது. முதல் ஆட்டமாக அந்த நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

சாதாரண சனிக்கிழமை ஒன்றில் போங்கள். ஈவுட் பார்க்குக்கு மில் ஹில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கலாம். பிள்ளைகளுக்கு டிக்கெட் மலிவு, பிரீமியர் லீக் விலையோடு ஒப்பிடவே முடியாது. மைதானத்தில் பெரும்பாலும் இடம் இருக்கும், அந்த விஷயத்தில் தோற்கிற அணிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஜனவரியில் வருகிறீர்கள் என்றால் உள்ளே இரண்டு காலுறை. உள்ளே விற்கும் ‘பை’ மாவு உறைக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்டது. நீங்கள் சைவம் என்றால் பிரெஸ்டன் பக்கம் கிடைக்கும் பட்டர் பை கேட்டு வாங்குங்கள், உருளைக்கிழங்கு, வெங்காயம், வெண்ணெய் மட்டும்தான். மிளகு தூக்கலாக இருக்கும், நம் நாக்குக்குச் சரியாக வரும்.

என்றைக்காவது பர்ன்லிக்கும் போங்கள், பிளாக்பர்ன்காரர்களிடம் சொல்லாமல். அங்கே டர்ஃப் மூர் மைதானத்துக்கு ஒட்டியே கிரிக்கெட் மைதானம், ஜேம்ஸ் ஆண்டர்சன் சிறுவனாகப் பந்து வீசிப் பழகிய இடம். கால்பந்து மைதானத்தின் ஒரு பக்கத்துக்குப் பெயரே கிரிக்கெட் ஃபீல்டு ஸ்டாண்ட். இடைவேளையில் சின்னக் கோப்பையில் ஆவி பறக்க ஒன்று குடிப்பார்கள்: பெனடிக்டீன் என்ற பிரெஞ்சு மூலிகை மதுவில் சுடுதண்ணீர். முதல் உலகப் போரில் பிரான்சில் அந்த மது தயாராகும் ஊர்ப் பக்கம் தங்கியிருந்த கிழக்கு லங்காஷயர் படையாட்கள் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பர்ன்லி சுரங்கத் தொழிலாளர் கிளப்தான் உலகிலேயே அதிகமாக பெனடிக்டீன் தீர்க்கும் ஒற்றை இடம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. தேனும் கஷாயமும் கலந்த வாசனை, தொண்டைக்கு இதம். பையனுக்கு சூடான சாக்லேட் கிடைக்கும்.

வீடு பார்த்துவிட்டீர்களா என்று சொல்லுங்கள். ஈவுட் பக்கம் என்றால் ஆட்ட நாளில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, சனிக்கிழமை ஷிப்டு இருந்தால் இரண்டு மணிக்கு முன்பே திரும்பி வந்துவிடுகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.